கை காட்டினால் நிற்கும் வண்டி

தாமதம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருந்ததே தவிர நேரில் பார்த்திராத எர்லன் என்னும் அயல்நாட்டு மலையூருக்கு, சங்ககிரியில் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டி, பிறகு ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரராகி, பிறகு முழங்கால் வலியால் அத்தனையையும் விற்றுவிட்ட நாச்சிமுத்துவும் அவர் மனைவி பூவாத்தாளும் ஓர் ஏப்ரல் மாதத்தில் வாடகைக் காரில் வந்து சேர்ந்தார்கள். பேருந்தில் வந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

பேருந்தில்தான் வரவேண்டும் என்று அவர்கள் மகள் கோகிலவாணி பதினான்கு முறை சொல்லியிருந்தாள். எட்டே மாதம் நீடித்த ஒரு கல்யாணத்திலிருந்து எழுந்து வந்து, எர்லனின் பாலாடைக்கட்டிக் கூட்டுறவில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளைக் கவனிக்கும் வேலையில் பதினோரு வருடமாக இருந்தவள் அவள். அந்த நாட்டில் குடியுரிமையைத் தருவது தலைநகரம் அல்ல, ஊர். ஏப்ரலின் கடைசி ஞாயிறன்று சதுக்கத்தில் ஊர் கூடும், கேட்பவர் ஒரு மரப்பலகை மேல் ஏறி நிற்பார், ஊர் கை தூக்கும். வேண்டாம் என்பவர்களை முதலிலும் வேண்டும் என்பவர்களை அடுத்தும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கான துணிச்சல் சீக்கிரம் ஆறிப்போகும் என்பது அந்த ஊர் முன்னோர் கண்டறிந்த உண்மை. இரண்டும் சமமாக வந்தால் வேண்டாம் என்றே பொருள். இந்த வருடம் கேட்பவள் கோகிலா. வேண்டாம் என்றால் அவளுடைய அனுமதி ஜூன் மாதத்தோடு முடியும், மறுபடி கேட்கப் பத்து வருடம் ஆகும். சங்ககிரியில் அவளுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. போவதற்கு ஒரு காரணம் இல்லை.

"இங்க எல்லாரும் பஸ்லதாம்ப்பா போவாங்க. யாரு பஸ்ல வர்றா, யாரு வரிசைல நிக்கறான்னுதான் பார்ப்பாங்க. ரெண்டு ரயில், அப்புறம் பதினேழாம் நம்பர் பஸ். தாள்ல எழுதி அனுப்பியிருக்கேன்."

விமான நிலையத்தில் பூவாத்தாள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் படம் போட்ட பலகையை நோக்கிப் பெட்டியை உருட்டினாள்.

"ஏனுங்க, புள்ள இதுலதான் வரச் சொல்லியிருக்குது."

"மூணு எடத்துல ஏறி எறங்கி இந்தப் பொட்டிய ஆரு தூக்கறது? உன்ற அண்ணனா? அடுத்தவன் ஓட்டற வண்டியில கையக் கட்டிக்கிட்டு உக்கார நா என்ன லோடா?"

சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை அவர் ஊரிலேயே வாங்கி, யாருக்கும் சொல்லாமல் வேட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் கிடைத்தது. அதை அதற்கு முன் நானூறு பேராவது ஓட்டியிருப்பார்கள், ஒருவரும் அதனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். நாச்சிமுத்து அதைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பிறகு பூவாத்தாளைப் பார்த்தார்.

"வாடகை வண்டிக்கெல்லாமாங்க பூச?"

"வாடகைன்னு சக்கரத்துக்குத் தெரியுமா? எலுமிச்சம்பழத்த எடு."

வண்டியின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி (தீயணைப்பான் உருளையோடு ஓடிவந்த ஊழியப் பெண் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை), நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு பழத்தை வைத்து நசுக்கி, "நல்லபடியா கூட்டிக்கிட்டுப் போ சாமி" என்று சொல்லி, ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதை மன்னித்து, அவர் புறப்பட்டார். எர்லனுக்குக் கீழே ஒரு வளைவில் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். ஏறுவதற்குத்தானா, தொப்பியைச் சரிசெய்யவா என்பதில் அந்த ஊரில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. நாச்சிமுத்து நிறுத்தி ஏற்றிக்கொண்டார், அவரை இறக்கிவிட்ட பிறகு முன்பலகையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "கை காட்டினவன உட்டுட்டுப் போறது வண்டிக்கு ஆவாது. தெரிஞ்சுக்க."

வண்டி தெரிந்துகொண்டது.

கோகிலா வாசலில் காரைப் பார்த்ததும் அப்பாவைக் கும்பிடவில்லை. "எத்தன தடவ சொன்னேன்? பன்னெண்டு நாள்தான் இருக்கு. நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு பஸ்ல வாங்க" என்றாள். அப்படியே மறுநாள் அவர் கீழ்நகரத்து ரயில் நிலையத்துக்குப் போய், வாடகை நிறுவனத்தின் இடத்தில் காரை நிறுத்தினார். அங்கே ஆள் யாரும் இல்லை, சாவி போடுவதற்குச் சுவரில் ஒரு துளை மட்டும் இருந்தது. சாவியைப் போட்டுவிட்டுப் பதினேழாம் நம்பரில் ஏறி, லோடு மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியபோது கார் பேருந்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. வளைவுக்கு வளைவு விளக்கைச் சிமிட்டி, ஏற்றத்தில் விலகி, ஊர்ச் சட்டம் சொல்லும் இடைவெளியை ஓர் அடி கூடக் குறையாமல் விட்டு வந்தது. பேருந்தில் இருந்தவர்கள் கவனித்ததும் பாராட்டியதும் இந்த இடைவெளியைத்தான். கோகிலாவின் வீட்டு முன்னால், நிறுத்தலாம் என்று கோடு போட்டிருந்த இடத்தில், கோட்டை மிதிக்காமல் நின்றது. காவலர் வந்து பார்த்தார். அபராதப் படிவத்தில் ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வழியில்லாததால் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு, நல்ல வெயில் என்று சொல்லிவிட்டுப் போனார். நிறுவனத்துக்குக் கோகிலா எழுதியதற்கு, வாகனம் நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது, நன்றி, மீண்டும் வருக என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு முறை எழுதினாள். இன்னும் இரண்டு முறை நன்றி வந்தது.

பூவாத்தாளுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. "பொட்டு வெச்சுப் பழம் நசுக்கினா அது நம்ம வண்டிங்க. கையில வாங்கிக்க ஆளில்லாம செவுத்து ஓட்டையில சாவியப் போட்டுட்டு வந்தா, அது உட்டதாகுமா?"

எர்லன் ஊர் அதிசயங்களை எதிர்க்கும் வழக்கமில்லாதது, ஒழுங்காக நடந்துகொண்டால் போதும் என்று நினைப்பது. முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அதன் கண்ணாடியில் விழுந்த பறவை எச்சத்தை யாரோ துடைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கணுக்கால் சுளுக்கிய இறைச்சிக் கடைக்காரரின் மனைவி, பேருந்து போய்விட்ட நிறுத்தத்தில் நின்று வெறுமனே கையைத் தூக்கினாள். கார் வந்து நின்றது, கதவு திறந்தது, அவள் சொல்லாமலே மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது. நான்காம் நாள் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். ஐந்தாம் நாள் முதல் மக்கள் பேருந்தை வேண்டுமென்றே தவறவிடக் கற்றுக்கொண்டார்கள். ஏழு தலைமுறையாக நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்து நின்ற குடும்பங்கள் இன்னொரு காப்பி குடித்தன, படுக்கையில் புரண்டன, தாமதம் என்பது இவ்வளவு இதமானதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டன.

ஆனால் காருக்கு எந்தக் கை எதற்கு என்று தெரியாது. பள்ளியில் விடை தெரிந்தவர்கள் கை தூக்கியபோது அது வகுப்பறை ஜன்னலில் வந்து நின்று கதவைத் திறந்தது. ஆசிரியை அன்று முதல் விடை தெரிந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர் கையை ஓங்கியபோது படிக்கட்டில் ஏறப் பார்த்தது. அன்று முதல் அவர் தலையசைத்து நடத்தினார், பாட்டு கொஞ்சம் மெதுவானது. தெருவில் வணக்கம் சொல்பவர்கள் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாடையால் சொன்னார்கள். இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது, ஒருவரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. கோகிலா மட்டும் ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்தாள், ஏனென்றால் அவள் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் மாலையில் பதினேழாம் நம்பர் ஓட்டுநர் ஆன்டன், சீருடையோடு, சொன்ன நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறை கூடப் பிந்தாதவர். உட்காரவில்லை. கோகிலா மொழிபெயர்த்தாள், பாதியை விழுங்கிக்கொண்டு.

"என்ன சொல்றாரு?"

"வண்டி அழகா இருக்குன்னு சொல்றார்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே. முழுசாச் சொல்லு கண்ணு."

அவள் முழுதாகச் சொன்னாள். பேருந்தில் முன்பு நாற்பது பேர் வருவார்கள். இன்று ஆறு பேர். ஞாயிறு காலை பத்து மணிப் பேருந்தில் மாவட்ட அலுவலர் ஒருவர் ஏறித் தலைகளை எண்ணப் போகிறார். இருபதுக்குக் கீழே இருந்தால் பதினேழாம் நம்பர் நிறுத்தப்படும். "உங்கள் மகளை எனக்குப் பிடிக்கும்" என்றார் ஆன்டன். "பதினோரு வருடமாக மூன்றாவது இருக்கையில் உட்காருகிறாள். என்னைப் பார்த்து ஒருமுறையும் கேள்வி கேட்டதில்லை, பிந்தியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் என்னோடு சேர்த்து வாக்கு உள்ளவர்கள் பன்னிரண்டு பேர். பேருந்தைக் கொன்ற வீட்டுக்காக அவர்கள் கை தூக்கமாட்டார்கள். நானும்தான்."

நாச்சிமுத்து ஆன்டனின் கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இடங்கள் தன் கையில் இருக்கும் அதே இடங்களில் இருந்தன.

"நல்ல டிரைவரு" என்றார். "நியாயந்தான் பேசறாரு. அத மட்டும் அவருகிட்டச் சொல்லு."

அடுத்த மூன்று நாளும் அவர் காரைத் தொலைக்கப் பார்த்தார். சாவி இல்லாமலே அது அவருக்குக் கிளம்பியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு ரயிலில் வந்தார். அவருக்கு முன்னால் அது வந்திருந்தது. கொல்லரிடம் சொல்லிச் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டார். பூட்டோடு, சத்தம் போடாமல், கூச்சத்தோடு வந்தது. யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா, சும்மா தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். ஏறிப்போக எல்லோரும் தயாராக இருந்தார்கள், வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை, ஏனென்றால் பனிக்காலத்துக்கு வேறு டயர் மாற்றவேண்டும்.

கோகிலா ஊர் மன்றத் தலைவி மார்கிரெட்டிடம் போய் நின்றாள். ஞாயிறன்று சதுக்கத்தில் முந்நூறு பேர் கை தூக்கினால் (சரியாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆனால் எல்லோரும் வருவதில்லை) கார் அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ள ஒரே நேரத்தில் கூட்டத்துக்குள் பாயும் என்றாள். கை தூக்குவதற்குப் பதிலாகச் சீட்டில் எழுதிப் போடலாமே?

"போடலாம்" என்றார் மார்கிரெட். "வழக்கத்தை மாற்ற ஊர் சம்மதிக்க வேண்டும். சம்மதமா என்று கை தூக்கச் சொல்லித்தான் கேட்க முடியும்."

சனிக்கிழமை மதியம் நாச்சிமுத்து காரில் ஏறி, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பூவாத்தாளைத் தெருக்கோடிக்கு அனுப்பினார்.

"கையத் தூக்கு புள்ள!"

கார் முனகி, தேய்த்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது.

"ரெண்டு கையயும் தூக்கு!"

நகரவில்லை. ஆளுக்கு ஒரு சாண், கைக்கு அல்ல. தூரமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தூக்கினாலும் அதே ஒரு சாண்தான். அவர் பிரேக்கில் இருக்கும்வரை அதற்கு மேல் அது போகவில்லை. அவர் இல்லாவிட்டால் போகும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது யாருக்கும் சொல்லாமல் அவர் முடிவெடுத்துவிட்டார் என்பதைப் பூவாத்தாள் அவர் மூன்றாவது தோசையை வேண்டாம் என்றதிலிருந்து தெரிந்துகொண்டாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் செருப்பை மாட்டியபோது கோகிலா பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாள்.

"பலக மேல குடும்பம் கூட நிக்கணும்ப்பா."

"உங்கம்மா நிப்பா."

"நீங்க நிக்கணும்னுதானே கூப்பிட்டேன்."

"நா நின்னா அதுவும் வந்து நிக்கும் சாமி." அவர் கதவைத் திறந்தார். "அன்னைக்கு உன்ற கல்யாணத்துல முன்னாடி நின்னு எல்லாத்தயும் நாந்தான் முடிவு பண்ணினேன். என்ன ஆச்சு? இன்னைக்கு இல்லாம இருந்து பாக்கறேன். நீ அம்மாவக் கூட்டிக்கிட்டு பஸ்ல போ. மூணாவது சீட்டுல உக்காரு."

பூவாத்தாள் சோற்றுப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தாள்.

ஊருக்குக் கீழே ஏழு கிலோமீட்டரில், ஒரு மலைத்தோளுக்குப் பின்னால், மர ஆலையை ஒட்டி நேராக ஓடும் சாலை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் யாரும் வருவதில்லை. அதன் தொடக்கத்தில் காரை ஊர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி, இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி அவர் காத்திருந்தார். ஒன்பதரை மணிக்குக் கார் சாண் சாணாக அசைய ஆரம்பித்தது. மேலே நிறுத்தங்களில் மக்கள் வழக்கம்போல் முந்திய பேருந்தைத் தவறவிட்டுவிட்டுக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் விடவில்லை. கார் நடுங்கியது, முன்பலகையில் ஏதோ விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"பொறு" என்றார். "எனக்கு மட்டும் ஆசையா?"

கைகள் ஒவ்வொன்றாகச் சலித்துக் கீழே இறங்கின. பத்து மணிக்குக் கார் அமைதியானது. வராத காருக்காகக் காத்திருந்தவர்கள், சரியாகப் பத்துக்கு வந்து நின்ற ஆன்டனின் பேருந்தில், முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள் என்பதோ, முன் வாசலில் நின்ற மாவட்ட அலுவலர் ஐம்பத்தொன்றாவது தலைக்குப் பிறகு பென்சிலைச் சட்டைப்பையில் செருகிவிட்டார் என்பதோ, பூவாத்தாள் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூன்றாவது இருக்கையைப் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தும் வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதோ அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே நடுச்சாலையில் வெள்ளைக் கோடுகள், ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் பன்னிரண்டு சாண் என்பது, பத்தே முக்காலுக்கு ஊர் கேட்கும் என்பது.

பத்தே முக்காலுக்குக் கார் குதித்தது.

முப்பத்தொரு வருடத்தில் அவர் காலடியில் எந்த வண்டியும் அப்படி இழுத்ததில்லை. இடுப்பை இருக்கையில் அழுத்தி, இரண்டு முழங்காலும் கத்த, அவர் முழு எடையையும் மிதியில் இறக்கினார். டயர் புகைந்தது. வெள்ளைக் கோடு ஒன்று சக்கரத்தடியில் போனது, இரண்டு, மூன்று. இது வேண்டாம் என்பவர்களின் முறை. ஐந்து. யாரிவர்கள், தாடையால் வணக்கம் சொன்னவர்களா, கண்ணாடியைத் துடைத்தவர்களா? எட்டு. "போதும்" என்றார் அவர். "போதும், கையக் கீழ போடுங்க." ஒன்பது. பத்து. பதினோராவது கோட்டின் விளிம்பில் வண்டி நின்றது.

மர ஆலையில் ஏதோ ஒரு பறவை கத்தியது. அவர் பதினொன்று என்று உரக்கச் சொல்லி வைத்துக்கொண்டார், மறந்துவிடப் போவதைப் போல.

பிறகு மறுபடி இழுத்தது. இந்த முறை அவர் மிதியைத் தளர்த்தவில்லை. ஒரு நூல் தளர்த்தினாலும் அது பொய்யாகிவிடும், லோடு எடை போடுகிற இடத்தில் அவர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கோடுகள் வேகமாகப் போயின, ரொட்டிக் கடைக்காரர் இருப்பார், சுளுக்கு ஆறிய அந்தம்மா இருப்பாள், ஏழு, எட்டு, ஆசிரியை இருப்பார், ஒன்பதில் வேகம் குறைந்தது, பத்தில் இன்னும் குறைந்தது, பதினொன்றின் விளிம்பில், அதே விளிம்பில், முன்சக்கரம் வெள்ளையைத் தொட்டும் தொடாமலும், வண்டி நின்றுவிட்டது.

சமம்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். கால்கள் பிரேக்கில் இருந்தன. ஜூன் மாதம், சங்ககிரி பேருந்து நிலையம், இறங்கி வரும் மகளின் முகத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாத தன் கண்கள், எல்லாம் அந்த நெற்றிக்குள் வரிசையாக வந்து நின்றன.

கார் ஒரு சாண் நகர்ந்தது.

அவர் தலையைத் தூக்கினார். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு சாண். பிறகு, ஒரு வீட்டுக்காரர்கள் வரிசையாக நின்று, முதலில் கை தூக்கியவரை அடுத்தவர் திரும்பிப் பார்த்து, அவரும் யோசித்துத் தூக்குவது போல, ஒரு சாண், ஒரு சாண், ஒரு சாண். நாச்சிமுத்து மிதித்த காலை இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக் கையை எடுக்காமல், ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது சாணுக்குக் கொஞ்சம் தாமதமானது.